ஸ்கோர் ஷீட்டில் ஏறாத ஆட்டம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடந்துபோகிற யார் கண்ணிலும் முதலில் படுவது வெள்ளைக் குவியல்கள்தான். அந்தக் குவியலின் உயரத்தைப் பார்த்து இந்த வருஷம் விளைச்சல் பரவாயில்லை என்றோ மோசம் என்றோ பேசிக்கொள்கிறோம். ஆனால் உப்பு விளைவது கடைசிப் பாத்திகளில் மட்டும். அதற்கு முன் கழியிலிருந்து ஏற்றிய தண்ணீர் பல பாத்திகளில் வரிசையாக நின்று, வெயிலிலும் காற்றிலும் வற்றி, அடர்ந்து வர வேண்டும். கடல்நீரின் அடர்த்தியைக் கருவியில் பார்த்தால் சுமார் 3 டிகிரி காட்டும். உப்பு படியத் தொடங்க அது ஏறத்தாழ 25 டிகிரியைத் தொட வேண்டும். 3-க்கும் 25-க்கும் நடுவே நடக்கிற வேலை முழுவதும் ஒரு கல் உப்பைக்கூடக் கொடுக்காத பாத்திகளில் நடக்கிறது. அவற்றின் வரப்பு கசிந்தாலோ, மடையை நேரம் தவறித் திறந்தாலோ, கடைசிப் பாத்தியில் வாருவதற்கு ஒன்றும் இருக்காது. வேலை தெரிந்த உப்பளக்காரர் முதல் பாத்தியைப் பார்த்து, "இதில் உப்பு எங்கே?" என்று கேட்கமாட்டார். இந்தப் பாத்தியில் தண்ணீர் இப்போது எத்தனை டிகிரியில் நிற்க வேண்டும், நிற்கிறதா என்றுதான் பார்ப்பார்.

கல்லூரிக் கூடைப்பந்து அணிகளை மதிப்பிடும்போது இந்த எளிய புத்தி நம்மிடம் இருப்பதில்லை. ஆட்டம் முடிந்ததும், "யார் எத்தனை பாயின்ட்?" என்று கேட்கிறோம். இருபது புள்ளி எடுத்தவரைத் தோளில் தூக்குகிறோம். புள்ளி எடுக்காதவர் அணியில் எதற்கு இருக்கிறார் என்று யோசிக்கிறோம். பயிற்சியாளரையும் அப்படித்தான்: கோப்பை வந்தால் கெட்டிக்காரர், வராவிட்டால் கையாலாகாதவர். இரண்டு அளவுகோலும் தவறு, இரண்டும் ஒரே காரணத்தால் தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். துணை ஆட்டக்காரரை அவருக்கு ஒப்படைத்த வேலையை வைத்துத்தான் எடைபோட முடியும். அந்த வேலையைத் தெளிவாகச் சொல்லி, கற்றுக்கொடுத்து, செய்தாரா என்று பார்த்துக் குறித்துவைப்பது பயிற்சியாளரின் கடமை. ஆகவே துணை ஆட்டக்காரர் மேல் நாம் எழுதும் தீர்ப்பு எதுவானாலும், அதில் பாதி பயிற்சியாளர் மேல் எழுதும் தீர்ப்பு.

ஒரு பெருக்கல் குறி, இரண்டு ஃபவுல்

முதலில் ஸ்கோர் ஷீட்டை எடுத்துப் பார்ப்போம். சர்வதேச விதிமுறைப்படி ஓர் அணியில் 12 பேர். ஆடுகளத்தில் ஐந்து பேர். தலா 10 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவர் அந்த அதிகாரபூர்வத் தாளில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு வரி ஒதுக்கியிருப்பார். பெயர், சட்டை எண், ஆட்டத்தில் இறங்கினார் என்பதற்கு ஒரு பெருக்கல் குறி, அதற்குப் பக்கத்தில் ஃபவுல்களுக்கு ஐந்து கட்டங்கள். இன்னொரு பக்கம் ஏறிக்கொண்டே போகும் புள்ளி வரிசை. எந்தப் புள்ளியை யார் போட்டார் என்று அதில் எண் விழும். அவ்வளவுதான். ரீபவுண்ட் கிடையாது, பாஸ் கிடையாது, தடுத்த ஷாட் கிடையாது. பெரிய லீக் போட்டிகளில் இவற்றைக் குறிக்கத் தனியாக ஆள் இருப்பார்கள். நம் ஊர்க் கல்லூரிப் போட்டிகளில் பெரும்பாலும் அந்த ஒரே தாள்தான் சாட்சி.

இதன் விளைவை நின்று யோசிக்க வேண்டும். ஒரு மாணவி பன்னிரண்டு நிமிடம் ஆடுகிறார். எதிரணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரரைக் கூடைப் பக்கம் அண்டவிடாமல் மறித்து நிற்கிறார். அந்த முயற்சியில் இரண்டு ஃபவுல் வாங்குகிறார். ஒரு கூடையும் போடவில்லை. ஆட்டம் முடிந்தபின் தாளில் அவர் வரியில் மிஞ்சுவது ஒரு பெருக்கல் குறியும் இரண்டு ஃபவுலும். அவர் செய்த நல்லது எதையும் தாள் சொல்லாது. செய்த பிழை இரண்டையும் சொல்லும். கூடை போடுகிறவரை அவர் சாதனையால் நினைவில் வைக்கிற அந்தத் தாள், தடுத்து ஆடுகிறவரைக் குற்றத்தால் மட்டுமே நினைவில் வைக்கிறது. மறுநாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுத்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

தாளில் ஏறாத வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றே ஒன்றைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். எதிரணி ஷாட் அடிக்கிறது. பந்து காற்றில் இருக்கிறது. அரங்கில் இருக்கும் அத்தனை கண்ணும் பந்தோடு மேலே போகிறது. அந்தக் கணத்தில் ஒருவர் மட்டும் பந்தைப் பார்ப்பதில்லை. தன் பக்கத்தில் நிற்கும் எதிரணி உயரக்காரரைத் தேடி, ஒரு காலைக் குறுக்கே வைத்துத் திரும்பி, முதுகை அவர் நெஞ்சோடு ஒட்டி, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கைகளை அகல விரித்து நிற்கிறார். பின்னாலிருந்து அவரைவிடக் கனமான ஓர் உடம்பு தள்ளுகிறது. தாக்குப்பிடிக்க வேண்டியது இரண்டு நொடி. பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கிறது. காலியாகக் கிடந்த இடத்துக்கு ஓடிவந்த சக ஆட்டக்காரர் துள்ளி எடுக்கிறார். கைத்தட்டல் அவருக்கு. ஸ்டாட்ஸ் எழுதும் வழக்கம் இருந்தால் ரீபவுண்டும் அவர் கணக்கில். அந்த இடத்தைக் காலியாக்கிக் கொடுத்தவர் அதற்குள் மறு கூடையை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறார். களத்தில் இதற்குப் பெயர் பாக்ஸ் அவுட். இதைச் சலிக்காமல் செய்யும் ஒருவர் இருக்கும் அணிக்கும் இல்லாத அணிக்கும் உள்ள வித்தியாசம் ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் தெரியும்.

கபடியில் ஊறிய நமக்கு இது புதிய சங்கதியும் அல்ல. ரெய்டு வந்தவரின் காலை கார்னரில் நிற்பவர் பிடிக்கிறார். டேக்கிள் புள்ளி அவர் பெயரில் ஏறுகிறது. ஆனால் ரெய்டரை அந்த மூலைக்கே ஒதுக்கித் தள்ளியது கைகோத்து நகர்ந்த மற்றவர்கள் என்று கபடி பார்க்கத் தெரிந்த எந்த ஊர்ப் பெரியவரும் சொல்வார். கபடியில் இருக்கும் அந்தப் பார்வை கூடைப்பந்துக்கு வரும்போது நம்மை விட்டுப் போய்விடுகிறது. காரணம், கபடி ஊரோடு வளர்ந்தது; கூடைப்பந்து நிறுவனங்கள் வழியாக வந்தது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய ஆட்டம் அது. 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் போன்றவர்கள் வழியாக இங்கே வேர்விட்டது. பள்ளி, கல்லூரி, ரயில்வே, காவல்துறை என்று வளர்ந்தது; இந்திய அணித் தலைவியாக இருந்து 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை போன்றவரைச் சென்னை தந்திருக்கிறது. ஆயினும் நகரத்துக்கு வெளியே அது இன்னும் பழகாத ஆட்டம். பழகாத ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரிவது கூடைக்குள் விழும் பந்து மட்டும்.

அவர் நிற்கும்போது அணி என்ன செய்கிறது?

அப்படியானால் துணை ஆட்டக்காரரின் வேலையை எப்படி அளப்பது? பழைய, எளிய வழி ஒன்று உண்டு. ஐஸ் ஹாக்கியிலிருந்து கூடைப்பந்துக்கு வந்தது, பிளஸ்-மைனஸ் என்பார்கள். ஓர் ஆட்டக்காரர் உள்ளே போகும்போது ஸ்கோர் என்ன, வெளியே வரும்போது ஸ்கோர் என்ன என்று குறித்தால் போதும். நாம் பார்த்த அந்த மாணவி இறங்கும்போது அணி 18-22 என்று நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் வெளியே வரும்போது 35-33. அந்த இடைவெளியில் அணி 17 எடுத்தது, 11 கொடுத்தது. அவர் கணக்கு பிளஸ் 6. அவர் எடுத்த புள்ளியோ சுழியம். இப்போது ஒரு கேள்வி எழுகிறது: ஒன்றுமே போடாதவர் நிற்கும்போது அணி ஏன் ஆறு புள்ளி முன்னேறியது? இந்தக் கேள்வியைக் கேட்கவைப்பதுதான் அந்தக் கணக்கின் பயன்.

இந்தக் கேள்வியை உலகறியச் செய்தவர்களில் ஒருவர் ஷேன் பேட்டியே. 2001-இல் டியூக் பல்கலைக்கழகம் அமெரிக்கக் கல்லூரி சாம்பியன் ஆனபோது அந்த அணியின் நாயகன் அவர். அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருதையும் பெற்றவர். தொழில்முறை லீகான என்.பி.ஏ.வுக்குப் போனபின் அவர் நாயகனாக இருக்கவில்லை. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியில் ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளியைத் தாண்டுவதே அரிது. ஆனால் அவர் களத்தில் நிற்கும்போது அணி நன்றாக ஆடியது. எதிரணியின் நாயகன் தடுமாறினார். எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் 2009-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய நீண்ட கட்டுரை இதன் ரகசியத்தை விளக்கியது. கோபி பிரையன்ட் போன்ற ஒருவரை முழுதாக நிறுத்திவிட முடியாது என்பது பேட்டியேவுக்குத் தெரியும். எந்த இடத்திலிருந்து ஷாட் அடித்தால் அவருக்கு வாய்ப்புக் குறைவு என்று அணி கொடுத்த கணக்கைப் படித்துவிட்டு, அந்த இடத்தை நோக்கியே அவரைத் தள்ளிக்கொண்டு போவார். ஷாட் எழும்போது கண்ணை மறைத்துக் கையை நீட்டுவார். இது எந்தக் கட்டத்தில் ஏறும்? எதிலும் ஏறாது. அதோடு இன்னொரு பாடமும் இதில் இருக்கிறது: கல்லூரியில் நாயகனாக நின்ற அதே ஆள்தான் வேறோர் அணியில் துணையாக நின்றார். துணை என்பது ஓர் ஆளின் தரத்துக்கு வைக்கும் பெயர் அல்ல, ஓர் அணியில் அவர் நிற்கும் இடத்துக்கு வைக்கும் பெயர்.

பயிற்சியாளர் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்

பேட்டியேவின் கதையில் கவனிக்க வேண்டியது, அவருக்குத் தன் வேலை என்ன என்று தெரிந்திருந்தது. நம் அணிகளில் உட்கார்ந்திருக்கும் ஏழாவது, எட்டாவது ஆட்டக்காரரைக் கேட்டால், "சார் கூப்பிட்டா போவேன்" என்பதற்கு மேல் ஒன்று கிடைப்பது கடினம். வேலையைச் சொல்லாமல் அனுப்பிவிட்டு, வேலை செய்யவில்லை என்று திட்டுவது நியாயமில்லை. "நீ உள்ளே போனதும் அவங்க ஒன்பதாம் நம்பர் வலது பக்கம் திரும்பக் கூடாது, ஷாட் எழும்பினா அவங்க உயரக்காரரை பாக்ஸ் அவுட் பண்ணு, வேறெதுவும் வேண்டாம்." இப்படி ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் சொல்லப்பட்ட பிறகுதான் மதிப்பீடு என்ற ஒன்றே சாத்தியம். சொல்ல முடியவில்லை என்றால் ஆட்டக்காரரை அளக்கக் கோல் இல்லை என்று பொருள். அந்தக் கோலைச் செய்து வைத்திருக்க வேண்டியவர் பயிற்சியாளர்.

அமெரிக்க ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் ஜான் உடன் அளவுக்குத் தேசியப் பட்டங்களை வென்ற பயிற்சியாளர் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யு.சி.எல்.ஏ. அணி 1964-க்கும் 1975-க்கும் இடையே 12 பருவங்களில் 10 முறை தேசிய சாம்பியன் ஆனது அவர் பயிற்சியில். அவர் பயிற்சி நேரத்தில் வாயிலிருந்து வருவது என்ன என்பதை அறிய, ரொனால்ட் காலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரு உளவியலாளர்கள் 1974-75 பருவத்தில் 15 பயிற்சிகளை ஓரமாக உட்கார்ந்து கவனித்து, அவர் கற்பிக்கும்போது சொன்னதையும் செய்ததையும் ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். மொத்தம் 2,326 பதிவுகள். அவற்றில் பாதி, இதை இப்படிச் செய் என்ற வெறும் அறிவுறுத்தல். பாராட்டு நூற்றுக்கு ஏழு. வெறும் திட்டும் கிட்டத்தட்ட அதே அளவுதான். தட்டிக்கொடுப்பதாலோ கத்துவதாலோ அணி உருவாவதில்லை, சுருக்கமாகத் துல்லியமாகச் சொல்வதால் உருவாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. அந்தத் துல்லியமும் அந்த நேரத்தில் வாயில் வந்ததல்ல. அன்றைய பயிற்சியில் எத்தனை நிமிடம் எது என்பதைச் சிறிய அட்டையில் எழுதிக்கொண்டுதான் அவர் களத்துக்கு வருவார்.

அந்த அணியில் ஸ்வென் நாட்டர் என்ற உயரக்காரர் 1971 முதல் 1973 வரை இருந்தார். அவர் ஆடும் இடத்திலேயே அமெரிக்காவின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரரான பில் வால்டன் இருந்தார். நாட்டர் ஓர் ஆட்டத்தில்கூட முதல் ஐவரில் இறங்கவில்லை. அவர் முக்கிய வேலை, தினமும் பயிற்சியில் வால்டனோடு மோதி வால்டனைக் கூர்தீட்டுவது. அந்த இரண்டு பருவத்திலும் அணி ஓர் ஆட்டமும் தோற்காமல் 30-0 என்று சாம்பியன் ஆனது. நாட்டரின் ஸ்டாட்ஸை மட்டும் பார்த்தால் அவரை யாரும் சீந்தியிருக்க முடியாது. ஆனால் 1973-இல் என்.பி.ஏ. தேர்வில் முதல் சுற்றிலேயே அவர் பெயர் வந்தது. அப்போது இருந்த இன்னொரு தொழில்முறை லீகான ஏ.பி.ஏ.வில் அடுத்த ஆண்டே சிறந்த புதுமுகம் ஆனார். பிறகு ஏ.பி.ஏ., என்.பி.ஏ. இரண்டிலும் ஒரு பருவத்தின் அதிக ரீபவுண்ட் எடுத்தவர் என்ற இடத்தைப் பிடித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்டும் அவருக்கு வேலை இருந்தது. அந்த வேலை அவரை வளர்த்தது. பிற்காலத்தில் அவரே காலிமோரோடு சேர்ந்து உடனின் கற்பிக்கும் முறையைப் பற்றி நூல் எழுதினார் என்பது, அந்த நாட்களை அவர் எப்படி நினைவில் வைத்திருந்தார் என்பதற்குச் சான்று.

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்த டீன் ஸ்மித், இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலையைக் கண்ணுக்குத் தெரியவைக்க வழக்கங்களை உண்டாக்கினார். கூடை போட்டவர் திரும்பி ஓடும்போது, பாஸ் கொடுத்தவரை நோக்கி விரலை நீட்ட வேண்டும். அரங்கம் யாரைப் பார்த்துக் கைதட்டுகிறதோ அவரே, "நான் இல்லை, அவர்" என்று காட்டிவிடுகிறார். களைத்துப்போனவர் முஷ்டியை உயர்த்தினால் மாற்று ஆள் இறங்குவார். இளைப்பாறியதும் அவரே திரும்பிப் போகலாம். ஆட்டத்தின் படத்தைப் பார்த்து, சக ஆட்டக்காரருக்கு வழி கிடைக்க எதிரணியை மறித்து நிற்கும் ஸ்க்ரீன் போட்டதற்கும் உருண்டோடிய பந்துக்குப் பாய்ந்ததற்கும் உதவிப் பயிற்சியாளர்கள் மதிப்பெண் போட்டார்கள். பெஞ்சில் இருக்கும் ஐந்து பேரையும் ஒன்றாக இறக்கிச் சில நிமிடம் ஆடவிடுவதும் அவர் வழக்கம். இவை எதற்கும் பெரிய செலவு இல்லை. அணிக்குள் எது வேலை, எது மதிப்பு என்ற அகராதியை இவை மாற்றி எழுதின.

எழும் மறுப்புகள்

இதற்கு முதல் மறுப்பு நேரடியானது. கூடை போடாமல் யாரும் ஜெயித்ததில்லை. புள்ளி எடுக்கிறவரை விட்டுவிட்டு மற்றவரைக் கொண்டாடினால் அணி எங்கே போகும்? நாயகரைக் குறைத்துச் சொல்வது இங்கே நோக்கமல்ல. கடைசிப் பாத்தி இல்லாமல் உப்பு இல்லை. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். நாற்பது நிமிட ஆட்டத்தில் நல்ல அணி ஒன்றின் கையில் பந்து ஏறத்தாழ 70 முறை வரும், எதிரணிக்கும் அவ்வளவுதான். பந்து ஒன்று, களத்தில் ஐந்து பேர். ஐந்து பேரும் ஷாட் அடிப்பதையே வேலையாக நினைத்தால் நான்கு பேருக்கு எப்போதும் வேலையில்லை. எடுத்த இரண்டு புள்ளிக்கும் தடுத்த இரண்டு புள்ளிக்கும் ஸ்கோர் போர்டில் ஒரே மதிப்பு. இருபது புள்ளி எடுக்கிற ஆட்டக்காரர் அதை எடுப்பது மற்ற நான்கு பேர் அவருக்காக வழி திறந்துவிடுவதால்தான். அதை முதலில் ஒப்புக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் அந்த நாயகர்களே.

இரண்டாவது மறுப்பு கணக்குத் தெரிந்தவர்களுடையது, வலுவானது. பிளஸ்-மைனஸை நம்ப முடியாது என்பார்கள். ஒருவர் எப்போதும் அணியின் நாயகரோடு சேர்ந்தே இறங்கினால் அவர் கணக்கு தானாக ஏறும். எதிரணி தன் சிறந்த ஆட்களை இளைப்பாற உட்காரவைத்த நேரத்தில் இறங்கினாலும் ஏறும். ஒரு நாக்-அவுட் போட்டியில் தோற்றால் அதோடு முடிந்தது. இரண்டு மூன்று ஆட்டத்தை வைத்து என்ன முடிவுக்கு வருவது? இதை மறுக்க முடியாது. அதனால்தான் அந்த எண்ணைத் தீர்ப்பாக அல்ல, கேள்வியாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். எண் ஏறியிருந்தால் ஏன் என்று பார். இறங்கியிருந்தாலும் ஏன் என்று பார். மேலும் நம்மிடம் போட்டி குறைவாக இருந்தாலும் பயிற்சி ஆட்டங்கள் நிறைய. அவற்றில் ஐவரை வேண்டுமென்றே மாற்றி மாற்றிச் சேர்த்து ஆடவைத்து, ஒரு மாதம் குறித்துவந்தால், யாரோடு சேர்ந்தாலும் அணியைத் தூக்குகிறவர் யார் என்பது மெல்லத் துலங்கும். அதோடு பாக்ஸ் அவுட் செய்தாரா, ஸ்க்ரீன் சரியாக நின்றதா, பந்து பறிபோனதும் திரும்பி ஓடினாரா என்ற குறிப்புகளையும் வைத்துப் பார்த்தால், குருட்டு ஊகத்தைவிட அது நூறு மடங்கு மேல்.

மூன்றாவது மறுப்புத்தான் மனத்தை உறுத்துவது. வேலையைப் பிரித்துக் கொடுக்கிறேன் என்ற பெயரில் ஒரு பிள்ளையைக் காலமெல்லாம் துணையாகவே நிறுத்திவிட மாட்டார்களா? இந்த ஆபத்து உண்மையானது. கடலோரக் கிராமங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு இன்னும் உண்மையானது. நகரத்துப் பள்ளிகளில் பத்து வயதிலேயே பந்தைத் தட்டப் பழகிய பிள்ளைகள் வருவார்கள். கிராமப் பள்ளிகளில் கூடைப்பந்துக் களம் அரிது. அங்கே வாலிபாலும் கபடியும்தான். அப்படி வந்து கல்லூரியில் முதன்முதலாகக் கூடைப்பந்தைத் தொடும் மாணவரின் ஷாட் முதலாண்டில் கோணலாகத்தான் போகும். அது தாமதமாகத் தொடங்கியதன் விளைவு. அவருடைய எல்லை அல்ல. "நீ தடுத்தால் போதும்" என்பது முதலாண்டில் சரியான வாக்கியம். அதே வாக்கியத்தை மூன்றாம் ஆண்டிலும் சொன்னால், தோற்றவர் பயிற்சியாளர். வேலையைக் குறித்துவைக்கும் பழக்கம் இங்கேயும் மாணவருக்குத்தான் காவல்: சென்ற ஆண்டு எனக்குக் கொடுத்தது இது, செய்துவிட்டேன், அடுத்தது என்ன என்று கேட்க அவர் கையில் ஆதாரம் இருக்கும். நாட்டரின் கதை சொல்வதும் அதைத்தான். துணை வேலை அவருக்குக் கூண்டாக இருக்கவில்லை, படியாக இருந்தது. காரணம் அந்த வேலை அவரைத் தினமும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரரோடு மோதவைத்தது.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஓர் ஆட்டத்துக்கு நாலைந்து பயிற்சியாளர்கள். நம் கல்லூரிகள் பலவற்றில் ஒரே உடற்கல்வி இயக்குநர். அவர்தான் தடகளம், கபடி, வாலிபால், கூடைப்பந்து அனைத்தையும் பார்க்க வேண்டும், அதோடு விளையாட்டு விழா ஏற்பாடும் அவர் தலையில். அவரிடம் போய்ப் படம் பார்த்து மதிப்பெண் போடுங்கள் என்பது பொருந்துமா? பொருந்தாது. ஆனால் ஆள் குறைவு என்பதால்தான் இந்த முறை இங்கே கூடுதலாகத் தேவை. பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு வாக்கியம் எழுத ஒரு மாலைப் பொழுது போதும். குறிக்கும் வேலையை, காயத்தால் ஆட முடியாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவரிடமும், பெஞ்சில் இருப்பவரிடமும் கொடுக்கலாம். பாக்ஸ் அவுட்டை எண்ண உட்கார்ந்தவர் ஒரே வாரத்தில் ஆட்டத்தை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்குவார். அடுத்த முறை இறங்கும்போது அதைத் தானே செய்வார். எண்ணுவதே ஒரு பயிற்சி.

பன்னிரண்டாவது ஆளைக் கேளுங்கள்

பயிற்சியாளரை எடைபோடும் வழியும் இதிலிருந்தே கிடைக்கிறது. கோப்பை நல்ல அளவுகோல் அல்ல. உயரமான ஆட்கள் வாய்த்த கல்லூரி சுமாரான பயிற்சியிலும் வெல்லும். வாய்க்காத கல்லூரி நல்ல பயிற்சியிலும் தோற்கும். அதற்குப் பதில் மூன்று கேள்விகள் கேட்கலாம். அணியின் பன்னிரண்டாவது ஆளுக்குத் தன் வேலை என்ன என்று சொல்லத் தெரிகிறதா? ஆகஸ்டில் செய்ய முடியாத ஒன்றை அவர் மார்ச்சில் செய்கிறாரா? ஒரு பிழை செய்ததும் அவரைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கிறார்களா, அல்லது என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்லி மறுபடி அனுப்புகிறார்களா? நாயகரைப் பார்த்துப் பயிற்சியாளரை எடைபோட முடியாது. நாயகர் பாதி திறமையோடுதான் வந்தார். பன்னிரண்டாவது ஆளைப் பார்த்தால் பயிற்சியாளர் என்ன செய்தார் என்பது அப்படியே தெரியும்.

இதில் பணயமாக இருப்பது வெறும் கைத்தட்டல் அல்ல. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டுக்கு இடம் உண்டு. அந்தக் கதவுகளைத் திறப்பவை எந்த நிலைப் போட்டியில் எந்த அணியில் ஆடினார் என்ற சான்றிதழ்கள். மரக்காணத்திலிருந்தும் அதைச் சுற்றிய மீனவக் குப்பங்களிலிருந்தும் திண்டிவனத்துக்கோ காலாப்பட்டுக்கோ சென்னைக்கோ படிக்கப் போகும் ஒரு மாணவருக்கு, பல்கலைக்கழக அணியின் பன்னிரண்டு பேரில் ஒருவராவது என்பது குடும்பத்தின் போக்கையே மாற்றக்கூடியது. பருவம் முடிந்து மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும் வீடுகள் அவை. அந்தப் பன்னிரண்டில் முதல் நான்கைந்து இடம் எப்படியும் புள்ளி எடுப்பவர்களுக்குப் போகும். மிச்சம் ஏழெட்டு இடம் துணை ஆட்டக்காரர்களுக்கானது. அந்த இடங்களையும் மூன்றாம் தரப் புள்ளிக்காரர்களைக் கொண்டு நிரப்பினால் அணிக்கும் நஷ்டம், தகுதியுள்ள மாணவருக்கும் அநியாயம்.

ஆகவே ஒவ்வொரு கல்லூரி அணியும் அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு வைத்திருக்க வேண்டும். இடது பக்கம் பெயரும் அவருக்குக் கொடுத்த ஒரு வரி வேலையும். வலது பக்கம் செய்ததும் செய்யாததும், உள்ளே போனபோதும் வெளியே வந்தபோதும் இருந்த ஸ்கோரும், தேதியோடு. தேர்வுக் குழு கூடும்போது இரண்டும் மேசைமேல் இருக்கட்டும். ஸ்கோர் ஷீட்டில் அந்த மாணவியின் வரியில் ஒரு பெருக்கல் குறியும் இரண்டு ஃபவுலும் இருக்கும். நோட்டில் அதே தேதியில், எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரால் அவர் நின்ற பன்னிரண்டு நிமிடத்தில் எத்தனை முறை வலது பக்கம் திரும்ப முடிந்தது, எத்தனை ரீபவுண்டுக்கு அவர் இடம் திறந்துவிட்டார், அணி ஆறு புள்ளி ஏறியது ஏன் என்பது இருக்கும். இரண்டையும் படித்துவிட்டு அவரை வேண்டாம் என்றால் அது ஒரு முடிவு. முதல் தாளை மட்டும் படித்துவிட்டு வேண்டாம் என்றால், அது அவர் ஆட்டத்தைப் பார்க்காமலேயே எடுத்த முடிவு.